நம்பர் இறங்குவதற்காக மலை ஏறியது

சாமியிடம் எதையாவது குறைத்துக் கொடு என்று நான் வேண்டிக்கொண்டது வாழ்க்கையில் ஒரே ஒரு தடவைதான். மற்றபடி கூட்டிக் கொடு என்றுதான் கேட்டுப் பழக்கம். வியாபாரம் கூட வேண்டும், மழை கூட வேண்டும், என் மனைவிக்கு என்மேல் இருக்கிற மரியாதை கொஞ்சமாவது கூட வேண்டும். குறைக்கச் சொல்லிக் கேட்டபோது எனக்கே வாய் கூசியது. அம்மன் குழம்பிப் போயிருப்பாளோ என்று இன்றைக்கும் சந்தேகம் உண்டு.

நான் புதுப்பட்டினம் பஜாரில் சைக்கிள் கடை வைத்திருக்கிறவன். எட்டாவது வரைக்கும் படித்தேன். செல்போன் என்பது கல்பாக்கம் ஆபீசர்கள் இடுப்பில் மட்டும் தொங்கிக்கொண்டிருந்த காலம் அது. அந்த ஆபீசர்களும் ஆபீசுக்கு சைக்கிளில்தான் போவார்கள். அதனால் அணுவைப் பிளக்கிற ஆளாக இருந்தாலும் பஞ்சர் ஆனால் என் கடைக்குத்தான் வரவேண்டும். அந்த அளவுக்கு சாமி என்னை நன்றாகவே வைத்திருந்தார்.

ஒன்றுதான் குறை. கல்யாணமாகிப் பல வருஷம் ஆகியும் வீட்டில் குழந்தை இல்லை. செய்யாத பிரார்த்தனை இல்லை. கோயில் வேப்பமரத்தில் சின்ன மரத்தொட்டில் வாங்கிக் கட்டினோம். அடுத்த மாதம் போய்ப் பார்த்தால் அந்தத் தொட்டிலில் அணில் ஒன்று நாரெல்லாம் கொண்டுவந்து மெத்தை போட்டுக் குட்டி போட்டிருந்தது. என் மனைவி அண்ணாந்து பார்த்துவிட்டு, "மாமா, அம்மன் வரம் குட்த்துட்டா. அட்ரஸ்தான் மாறிப்பூடிச்சி" என்றாள். சொல்லிவிட்டுச் சிரித்தாள். நானும் சிரித்தேன். பிறகு கோயில் வாசல் தாண்டும்வரை அவள் திரும்பித் திரும்பி அந்தத் தொட்டிலையே பார்த்தாள்.

செங்கல்பட்டில் ஒரு டாக்டரம்மாவிடம் வைத்தியம் பார்த்துக்கொண்டிருந்தோம். புருஷனுடைய உயிரணுவை எடுத்துச் சுத்தம் செய்து, சரியான நாள் பார்த்து மெல்லிய குழாய் வழியாக உள்ளே வைப்பார்கள். அதில் என் பங்கு வேலையைப் பற்றி இங்கே எழுத மாட்டேன். சாமி படம் மாட்டின வீடுகளிலும் இதைப் படிப்பார்கள். இரண்டு தடவை வைத்துப் பார்த்து இரண்டு தடவையும் ஒன்றும் நிற்கவில்லை. இரண்டாவது தடவைக்குப் பிறகு என் மனைவி அடுப்படியில் நின்றுகொண்டே சொன்னாள்.

"இன்னும் ஒரு தபா பாக்கலாம் மாமா. அதான் கடைசி. அதுவும் இல்லன்னா அப்பால நான் எந்த டாக்டர் வாசப்படியும் மெரிக்க மாட்டேன். நீயும் கூப்புடக் கூடாது. எங்கண்ணனும் கூப்புடக் கூடாது."

அவள் அண்ணன், அதாவது என் மச்சான், கல்பாக்கம் அணுமின் நிலையத்தில் உள்ளே வேலை பார்க்கிறவர். உள்ளே என்ன வேலை என்று யாராவது கேட்டால், "வெளிய சொல்லக் கூடாது" என்பார். கழுத்தில் பாஸ் தொங்கும். எந்தப் பேச்சு எடுத்தாலும் "எங்க பிளான்ட்ல இன்னா பண்ணுவாங்கன்னா" என்று ஆரம்பிப்பார். மிக்ஸி ஓடவில்லை என்றாலும் எங்க பிளான்ட்ல, மாடு கன்று போடவில்லை என்றாலும் எங்க பிளான்ட்ல. நல்ல மனுஷர். தங்கை என்றால் உயிர். அதுதான் எங்களுக்குக் கொஞ்சம் பேஜார்.

மூன்றாவது தடவைக்குப் போனபோது டாக்டரம்மாவின் ஸ்கேன் அறையில் புது மிஷின் வந்திருந்தது. மிஷினுக்கு சந்தனம் குங்குமம் வைத்து, மூலையில் ஒரு எலுமிச்சம்பழமும் இருந்தது. பார்த்ததும் எனக்கு மனசுக்குத் திருப்தியாகிவிட்டது. என்னையும் உள்ளே கூப்பிட்டு மனைவியின் தலைமாட்டில் நிற்கச் சொன்னார்கள்.

பழைய மிஷினில் எல்லாம் புழுதிப் புயல் அடித்த மாதிரிதான் தெரியும். இதில் கலர். டாக்டரம்மா ஒரு பொத்தானை அமுக்கினதும் திரையில் சிவப்பும் நீலமுமாக ஏதோ ஓடியது. ஈரத் துணியை உதறுகிற மாதிரி ஒரு சத்தம் விட்டு விட்டு வந்தது. அது கருப்பைக்குப் போகிற ரத்தக் குழாயின் சத்தம் என்றார்கள். எனக்கு உடம்பெல்லாம் புல்லரித்தது. சிவப்பைப் பார்த்ததும் அம்மன் ஞாபகம் வந்தது, நீலத்தைப் பார்த்ததும் பெருமாள். இரண்டு பேருமே வந்திருக்கிறார்கள் என்று கன்னத்தில் போட்டுக்கொண்டேன்.

"என்ன பண்றீங்க?" என்றார் டாக்டரம்மா.

"செவப்பு அம்மன், நீலம் பெருமாளுங்களா மேடம்?"

"சிவப்பு நம்ம பக்கம் வர்ற ரத்தம். நீலம் நம்மளை விட்டுப் போற ரத்தம். அவ்வளவுதான்."

"அப்ப அம்மன்தான் நம்ம பக்கம் வராங்க" என்றேன். படுத்திருந்த என் மனைவி கண்ணை மூடிக்கொண்டே, "மாமா, வாய மூடிக்கினு நில்லு" என்றாள்.

டாக்டரம்மா நிதானமாகச் சொல்லிக் கொடுத்தார். கருப்பைக்கு இந்தப் பக்கம் ஒரு குழாய், அந்தப் பக்கம் ஒரு குழாய். அதில் ரத்தம் தடையில்லாமல் போனால்தான் கரு வந்து ஒட்டுவதற்கு இடம் பதமாக இருக்கும். தடை எவ்வளவு என்று மிஷின் ஒரு நம்பர் கொடுக்கும். நம்பர் இறங்கினால் நல்லது. "இப்போ கொஞ்சம் மேலே இருக்கு. மாத்திரை தர்றேன். முட்டை முதிர்ற நேரத்துல மறுபடி வாங்க. நம்பர் இறங்கியிருந்தா அன்னைக்கே வச்சிடலாம். இறங்கலைன்னா இந்த முறை வேண்டாம். ரத்தம் நல்லா ஓடணும்மா, அதுதான் முக்கியம்."

நம்பர் இறங்கவேண்டும் என்பதை நான் பிடித்துக்கொண்டேன். ரத்தம் ஓடவேண்டும் என்பதை மச்சான் பிடித்துக்கொண்டார்.

அன்று சாயங்காலமே நான் அம்மன் கோயிலுக்குப் போனேன். அர்ச்சனைத் தட்டை வாங்கிக்கொண்ட குருக்கள், பெயர், நட்சத்திரம் எல்லாம் கேட்டுவிட்டு, "என்ன வேண்டுதல்?" என்றார்.

"நம்பர் எறங்கணும் சாமி."

"சர்க்கரையா?"

"இல்லீங்க."

"பிரஷரா?"

"பிரஷர் மாதிரிதான். ஆனா வேற எடம்."

பின்னால் வரிசையில் நின்ற பெண்கள் எல்லாம் கழுத்தை நீட்டினார்கள். குருக்கள் நல்லவர். மேற்கொண்டு கேட்காமல் "சர்வ ரோக நிவாரண" என்று பொதுவாகச் சொல்லி மணியடித்துவிட்டார். எனக்குத்தான் மனசு ஆறவில்லை. கற்பூரம் எரிகிற நேரத்துக்குள் அம்மனிடம் நானே விவரமாகச் சொல்லிவிடலாம் என்று, "தாயே, நம்பர்னா எல்லா நம்பரும் இல்ல, கடை வியாபாரத்தைக் கொறச்சிடாதே, இது ரத்தக் குழா நம்பர், செங்கல்பட்டு மிஷின்ல வர்றது" என்று ஆரம்பித்தேன். பாதியில் கற்பூரம் அணைந்துவிட்டது.

வீட்டில் மச்சானின் ராஜ்ஜியம். காலையில் மாதுளம்பழம், மத்தியானம் பீட்ரூட், ராத்திரி முருங்கைக்கீரை. குப்பத்துக்குப் போய் சுறா வாங்கிவந்து தானே புட்டு செய்தார். என் மனைவி சாப்பிட்டுச் சாப்பிட்டு, "அண்ணா, என் நாக்கே செவப்பாப் பூடிச்சி. மெஷின்ல என்னைப் போட்டா மொத்தமும் செவப்பாத்தான் தெரியும், நீலத்துக்கு எடமே இருக்காது" என்றாள்.

"துன்னுமா. எங்க பிளான்ட்ல இன்னா பண்ணுவாங்கன்னா, தண்ணி ஓடிக்கினே இருக்கணும். நின்னுச்சு, மேட்டரே முடிஞ்சுது."

முட்டை முதிர்கிற நாள் வந்தது. மூன்று பேரும் காலையில் செங்கல்பட்டு பஸ் ஏறினோம். ஜன்னல் ஓரம் என் மனைவி உட்கார்ந்திருந்தாள். சதுரங்கப்பட்டினம் தாண்டினதும் என் பக்கம் திரும்பாமலே மெதுவாகச் சொன்னாள்.

"மாமா, இன்னிக்கி அந்தம்மா வேணாம்னு சொல்லிட்டா, நான் அத்தையே சாமி உத்தரவா எட்த்துக்குவேன். அடுத்த மாசம் வா, அதுக்கடுத்த மாசம் வான்னா என்னால ஆவாது."

நான் தலையை மட்டும் ஆட்டினேன். பின் சீட்டிலிருந்த மச்சான் அதைக் கேட்டுவிட்டார் போலிருக்கிறது. திருக்கழுக்குன்றம் வந்ததும் எழுந்து நின்று, "எறங்குங்க, எறங்குங்க" என்று கத்தினார். கண்டக்டர் விசில் ஊதிவிட்டார். என்ன ஏது என்று கேட்பதற்குள் மூவரும் தரையில் நின்றோம்.

"மாப்ள, யோசனை பண்ணு. பஸ்ல சொம்மா குந்திகினு போனா ரத்தம் எப்டி ஓடும்? ரத்தம் ஓடணும்னா ஆள் ஓடணும். மலை ஏறி ஈஸ்வரனைப் பாத்துட்டு எறங்கினா சாமியும் ஆச்சு, ரத்தமும் ஆச்சு. சூடு ஆறுறதுக்குள்ள மெஷின்ல போட்டுடலாம்."

அந்த நேரத்தில் அது எனக்கு எவ்வளவு சரியாகப் பட்டது என்று சொல்ல முடியாது. ஒரே கல்லில் சாமி, வைத்தியம் இரண்டும். அதுவும் ஈஸ்வரனே வழியில் நின்று கூப்பிடுகிற மாதிரி மலை எதிரிலேயே நிற்கிறது. என் மனைவி மலையைப் பார்த்தாள், அண்ணனைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். "ரெண்டும் சேந்து கீதுங்க" என்று முனகிக்கொண்டு புடவையைத் தூக்கிச் செருகினாள்.

பாதி மலையில் மச்சான் உட்கார்ந்துவிட்டார். முக்கால் மலையில் நான் கைப்பிடிச் சுவரைக் கட்டிப்பிடித்துக்கொண்டேன். அவள் மட்டும் நிற்கவே இல்லை. கடைசித் தடவை என்று சொன்னவள் அல்லவா, அதற்காக அப்படி ஏறினாள் என்று இப்போது தோன்றுகிறது. நான் மேலே போய்ச் சேர்ந்தபோது அவள் சந்நிதியில் கண்ணை மூடி நின்றிருந்தாள். நெற்றிக் குங்குமம் வேர்வையில் கரைந்து மூக்கு வரைக்கும் வந்திருந்தது. என்ன வேண்டிக்கொண்டாள் என்று நான் கேட்கவில்லை.

இறங்கும்போது குரங்கு ஒன்று என் கையிலிருந்த பிரசாதத் தேங்காய் மூடியைப் பிடுங்கியது. "அது ஆஞ்சநேயர், குட்துடு மாப்ள" என்றார் மச்சான். கொடுத்தேன். உடனே இன்னொன்று வந்து மச்சானின் கழுத்துப் பாஸைப் பிடித்து இழுத்தது. "ஏய், அது கவர்மெண்ட்டு சொத்து!" என்று அலறிக்கொண்டு அவர் ஓடினார், குரங்கு துரத்தியது, அவரைப் பிடிக்க நாங்கள் ஓடினோம். மொத்தத்தில் மூன்று பேருக்கும் ரத்தம் நன்றாக ஓடியது. அடுத்த பஸ் பிடித்து இறங்கிய செங்கல்பட்டு பஸ் ஸ்டாண்டிலிருந்தும் நேரமாகிவிட்டது என்று ஆஸ்பத்திரி வரைக்கும் ஓட்டம்தான்.

போன உடனே அவளை உள்ளே படுக்க வைத்தார்கள். நான் தலைமாட்டில் நின்றேன். துணி உதறுகிற சத்தம் இந்தத் தடவை சலவைப் படித்துறையே கூடினது போல வேகமாகக் கேட்டது. நான் சந்தோஷமாகக் கும்பிட்டேன். டாக்டரம்மாவின் முகம் மட்டும் சந்தோஷமாக இல்லை. இந்தப் பக்கம் வைத்துப் பார்த்தார், அந்தப் பக்கம் வைத்துப் பார்த்தார். பிறகு கையைத் துடைத்துக்கொண்டார்.

"நம்பர் இறங்கலைம்மா. போன தடவையைவிட ஏறியிருக்கு. இந்த முறை வேண்டாம்னு நினைக்கிறேன்."

என் மனைவி சரி என்கிற மாதிரி தலையை அசைத்துவிட்டு எழுந்திருக்கப் பார்த்தாள். பஸ்ஸில் அவள் சொன்னது எனக்கும் மச்சானுக்கும் மட்டும்தான் தெரியும். அந்த டாக்டரம்மாவுக்கு இது வெறும் ஒரு மாதம். இவளுக்கு இதோடு கதை முடிந்தது.

எழுந்திருக்கிறவளுக்குக் கை கொடுத்த டாக்டரம்மா, மணிக்கட்டை அப்படியே பிடித்துக்கொண்டு கடிகாரத்தைப் பார்த்தார். "ஏன் நாடி இப்படி அடிக்குது? காய்ச்சலா? எதுக்கு இப்படி வேர்த்திருக்கு?"

அப்போது திரைச்சீலைக்கு வெளியிலிருந்து மச்சானின் தலை மட்டும் உள்ளே வந்தது. ஆசிரியர் கேள்வி கேட்டதும் முதலில் கை தூக்குகிற பையனின் முகம் அதில் இருந்தது.

"நாங்கதான் டாக்டரம்மா! நீங்க ரத்தம் ஓடணும்னு சொன்னீங்க இல்ல? திருக்கழுக்குன்றம் மலைய ஃபுல்லா ஏத்தி எறக்கி, சூடா இட்டாந்து கீறோம்!"

டாக்டரம்மா அவரைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். என் நெற்றியிலிருந்த விபூதிப் பட்டையைப் பார்த்தார். நாற்காலியில் உட்கார்ந்து இரண்டு கையாலும் முகத்தை மூடிக்கொண்டார். தோள் குலுங்கியது. அழுகிறாரோ என்று பயந்துபோனேன். சிரித்துக்கொண்டிருந்தார்.

"ஏன்யா, மலை ஏறினா ரத்தம் எங்கய்யா போகும்? காலுக்குப் போகும்! ஏறுறது காலு, அது கேட்குது, உடம்பு குடுக்குது. கருப்பைக்குப் போக வேண்டியதையெல்லாம் காலுக்கு அனுப்பிட்டு, என்கிட்ட வந்து கருப்பையைக் காட்டுறீங்களே!"

"அப்ப கால்ல மெஷின வச்சா சூப்பரா வருமா?" என்றார் மச்சான்.

"வெளியே போங்க. ரெண்டு பேரும். கேட்டுக்கு வெளியே."

என் மனைவியை ஓர் அறையில் ஃபேன் போட்டுப் படுக்க வைத்தார்கள். நன்றாக ஓய்வெடுக்கட்டும், மறுபடி பார்த்துவிட்டுச் சொல்கிறேன் என்று டாக்டரம்மா சொன்னதாக நர்ஸ் வந்து சொல்லிவிட்டு, கேட்டையும் சாத்திவிட்டுப் போனாள்.

நாங்கள் இரண்டு பேரும் இளநீர் வண்டி நிழலில் குத்துக்காலிட்டு உட்கார்ந்தோம். நான் எனக்குத் தெரிந்த சாமி பேரையெல்லாம் வரிசையாகச் சொல்லிக்கொண்டிருந்தேன். மச்சான் கழுத்திலிருந்த பாஸைக் கழற்றிச் சட்டைப் பைக்குள் போட்டார்.

"மாப்ள, நான் உள்ள தோட்டத்துக்குத் தண்ணி வுடறவன் மாப்ள."

"தெரியும் மச்சான்."

"எப்போலேந்து?"

"கல்யாணத்துக்கு முன்னாடிலேந்தே. உங்க தங்கச்சி சொல்லிச்சு."

மச்சான் பாஸ் இருந்த பையைத் தடவிக்கொண்டே, "செடிக்கு வேர்ல ஊத்தணும். எலைல ஊத்தினாப் போயி சேராது. இது எனக்குத் தெரியாதா மாப்ள? இது தெரிஞ்சும் ரத்தத்தைக் கால்ல ஓட வுட்டுட்டனே" என்று கண்ணைத் துடைத்தார். நான் அவருக்கு ஓர் இளநீர் வெட்டச் சொன்னேன். வேறென்ன செய்வது?

கடைசியில் கூப்பிட்டார்கள். என் மனைவி அந்த அறையில் குறட்டை விட்டுத் தூங்கினாளாம். வைத்தியம் தொடங்கின நாளிலிருந்து அவள் அப்படித் தூங்கி நான் பார்த்ததில்லை. மறுபடி மிஷின் வைத்துப் பார்த்திருந்தார்கள்.

"இறங்கியிருக்கு" என்றார் டாக்டரம்மா. "முதல் தடவை பார்த்ததைவிடக் கம்மிதான். ஆனா பிரமாதம்னு சொல்ல மாட்டேன். சுமார். இந்த நம்பரை வச்சு நிச்சயம்னு யாராலயும் சொல்ல முடியாதும்மா. நல்ல நம்பர் வந்தவங்க என்கிட்ட அழுதிருக்காங்க, நம்பர் சரியில்லாதவங்க ஸ்வீட் கொண்டுவந்து குடுத்திருக்காங்க. என்ன பண்ணலாம், நீ சொல்லு."

என் மனைவி படுத்தபடியே சொன்னாள். "டாக்டரம்மா, பிரமாதம்லாம் வேணாம். எங்க வூட்ல எல்லாமே சுமாருதான். இதோ, இவரப் பாருங்க."

டாக்டரம்மா என்னைப் பார்த்து, ஆமாம் என்கிற மாதிரி தலையாட்டினார். அன்றைக்கே வைத்துவிட்டார்கள்.

அதன் பிறகு முடிவு தெரிகிறவரை இருந்த நாட்கள்தான் கஷ்டம். வழக்கம்போல வீட்டு வேலை செய்யலாம் என்றுதான் டாக்டரம்மா சொல்லி அனுப்பினார். மச்சானுக்கு அது போதவில்லை. ஓடினால் காலுக்குப் போகிற ரத்தம், நடந்தாலும் கொஞ்சம் போகத்தானே செய்யும் என்று கணக்குப் போட்டார். டூட்டி முடிந்ததும் நேராக எங்கள் வீட்டுக்கு வந்து வாசலில் காவல் உட்கார்ந்துவிடுவார். அவள் எழுந்தால் "குந்து" என்பார். கை ஆட்டிப் பேசினால், "கைக்கும் ரத்தம் போவுது, பாத்து" என்பார். குழாயடியில் நான் குடத்தோடு நிற்பதைப் பார்த்துத் தெருவே சிரித்தது. ஒருநாள் அவள் பொறுக்கமாட்டாமல், "அண்ணா, மூளைக்கும் ரத்தம் போவும். உனக்குத்தான் அந்தக் கவலையே இல்ல" என்று கத்தினாள். அவர் அப்படியும் போகவில்லை. கத்தினால் தொண்டைக்குப் போகுமே என்று வருத்தப்பட்டார்.

பரிசோதனைக்குப் போகவேண்டிய நாளில் அவள் எங்கள் இருவரையும் நிற்கவைத்துச் சொல்லிவிட்டாள். "நான் தனியாப் போயிட்டு வரேன். ரெண்டு பேர்ல யாரு பஸ் ஸ்டாப் பக்கம் வந்தாலும் நான் திரும்பி வர மாட்டேன்."

நான் கடையைத் திறந்து வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். ஓர் ஆபீசர் சைக்கிளைக் கொண்டுவந்தார். டியூபைக் கழற்றித் தண்ணீர்த் தொட்டியில் முக்கி முக்கிப் பார்க்கிறேன், குமிழி வருவது கண்ணுக்குத் தெரிகிறது, மனசுக்குத் தெரியவில்லை. அவர் விரலால் காட்டினார். "இங்கதாம்பா ஓட்டை."

அப்போது அவள் வந்தாள். முகத்தில் ஒன்றும் எழுதியிருக்கவில்லை. ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். தண்ணீர் கேட்டாள். கொடுத்தேன். முழுச் சொம்பையும் குடித்துவிட்டு முந்தானையால் வாயைத் துடைத்துக்கொண்டாள்.

"வர வழியில கழுக்குன்றத்துல எறங்கினேன்" என்றாள்.

எனக்குத் திக்கென்றது. "மலை ஏறினியா?"

"இல்ல. கீழேந்தே கும்புட்டு வந்துட்டேன்."

"ஏன்?"

"ஏறக் கூடாதாம். கொழந்த பொறக்குறவரைக்கும் மலை கிலை ஏறினேன்னு காதுல வுழுந்துச்சுன்னா, உங்கண்ணனக் கூப்ட்டு நாலு வாங்கு வாங்குவேன்னு அந்தம்மா சொல்லிச்சு."

முதலில் எனக்குப் புரியவில்லை. சத்தியமாகப் புரியவில்லை. ஆபீசருக்குத்தான் முதலில் புரிந்தது. "யோவ், வாழ்த்துகள்யா" என்று என் தோளைத் தட்டினார். டியூபைக் கையில் பிடித்தபடி நான் அழ ஆரம்பித்தேன்.

"மாமா, அழறதா இருந்தா உள்ள போயி அழு. சாரு டூட்டிக்குப் போவணும்" என்றாள். ஆனால் அவள் கண்ணும் நிறைந்திருந்தது, அதை மறைக்கத்தான் சொம்பை மறுபடி வாயில் கவிழ்த்துக்கொண்டாள். அதில் தண்ணீர் இல்லை என்று எனக்குத் தெரியும்.

டியூபை அப்படியே போட்டுவிட்டு நான் உள்ளே போய், அம்மன் படத்துக்குக் கீழே டயர்களுக்கு நடுவில் உட்கார்ந்து அழுதேன். கூட்டு, குறை என்று சாமியிடம் எதையும் கேட்காமல் வெறுமனே அழுதேன். நடுவில் வெளியிலிருந்து அவள் குரல் வந்தது.

"மாமா, பாதி அழுகைய அப்பால வச்சுக்க. நானே ஒட்டிடறேன்னு சாரு பஞ்சர் சொல்யூஷன எடுத்தாரு, இப்ப டியூபும் அவரு கையும் ஒண்ணா ஒட்டிக்கினு கீது."